கண்ட்ரோல் ஸ்லைடு

உங்க ரத்தத்தை நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களா? கிரிக்கெட் ஆடும்போது முட்டியில சிராய்ச்சு வழியுமே, அதைக் கேட்கலை. ஒரே ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடுல மெல்லிசா இழுத்து, சாயம் ஏத்தி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில வெச்சுப் பார்த்திருக்கீங்களா?

சுவாலஜி, மைக்ரோபயாலஜி பசங்க, 'இது ஒரு மேட்டரா? எங்க பிராக்டிகல்லயே வருமே'ம்பீங்க. கரெக்ட். ஆனா பிராக்டிகல்ல பார்க்கிறது மார்க்குக்கு. 103 டிகிரி காய்ச்சல்ல, வீட்டு மொட்டை மாடியில போர்வையைப் போத்திக்கிட்டு, 'நாம தேறுவோமா'ன்னு பார்க்கிறது வேற. நான் ரெண்டாவது கேஸ்.

2013 ஜனவரி. ஊர் ஆம்பூர். நான் பி.எஸ்ஸி. சுவாலஜி கடைசி வருஷம். வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே தவறிட்டார். அம்மா ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷன். காலையில ஏழு மணிக்கு கம்பெனி வேன் தெருமுனையில ஹாரன் அடிக்கும். சாயங்காலம் பசை வாசனையோட வந்து இறங்குவாங்க.

முதல்ல அந்த மைக்ராஸ்கோப் எப்படி எங்க வீட்டுக்கு வந்ததுன்னு சொல்லிடறேன். எங்க டிபார்ட்மென்ட்ல பழைய சாமான்களை ஏலம் விட்டாங்க. கால் ஒடிஞ்ச ஸ்டூல், பூச்சி அரிச்ச சார்ட்டு, கூடவே அம்பாலாவில் செய்த ஒத்தைக்கண் மைக்ராஸ்கோப் ஒண்ணு. 450 ரூபாய்க்கு எடுத்தேன். பல்பு கிடையாது. அடியில ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும், அதைத் திருப்பித் திருப்பி வெளிச்சம் பிடிக்கணும். லென்ஸ் 10-ம் 45-ம் இருந்துச்சு. எண்ணெய் விட்டுப் பார்க்கிற 100 லென்ஸை எவனோ முன்னாடியே கழட்டிட்டான். இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க. பின்னாடி உதைக்கும்.

"எல்லாப் பசங்களும் பைக்கு கேக்கும். இது பூதக்கண்ணாடி வாங்கினு வந்துகீது" என்று பக்கத்து வீட்டு அக்காகிட்ட அம்மா சொன்னது எனக்குக் கேட்டுச்சு. புகார்தான். ஆனா குரல்ல கொஞ்சம் பெருமையும் இருந்துச்சு, மறைக்க மாட்டேன்.

டிசம்பர் கடைசி வாரம் என்.எஸ்.எஸ். கேம்ப். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு கிராமம், ஏழு நாள். ஏரிக்கரையில் மண்டிக் கிடந்த புதரை எல்லாம் வெட்டினோம். ராத்திரி ஸ்கூல் வராண்டாவில் படுக்கை, பாட்டு, அரட்டை. கேம்ப் போனவங்களுக்குத் தெரியும், அந்த ஏழு நாளைப் பத்தி ஏழு வருஷம் பேசலாம். திரும்பி வந்து எட்டாவது நாள், ஜனவரி 5, எனக்குக் காய்ச்சல் ஆரம்பிச்சது.

சாதாரணக் காய்ச்சல்னுதான் நினைச்சேன். மண்டை மட்டும் பிளந்தது. தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி, மூணு கலர் மாத்திரை. மூணு நாள் ஆகியும் இறங்கலை. டாக்டர் ஒரு சீட்டு எழுதி, ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்கன்னார். லேப்ல 700 ரூபாய்ன்னாங்க. அம்மாவுக்கு அது நாலு நாள் கூலி.

முந்தின வருஷம், 2012-ல், தமிழ்நாட்டையே டெங்கு ஒரு ஆட்டு ஆட்டியிருந்தது. அப்ப நீங்க எல்லாம் எல்.கே.ஜி. வாசல்ல அழுதுட்டு இருந்திருப்பீங்க. எங்க பார்த்தாலும் நிலவேம்புக் கசாயம், பப்பாளி இலைச் சாறு. டீக்கடை பெஞ்சுல எல்லாம் 'பிளேட்லெட்' என்கிற வார்த்தை தமிழ் வார்த்தை மாதிரி புழங்கிச்சு. அந்த பயம் எங்க வீட்டுக்கும் வந்துடுச்சு. சீட்டைப் பார்த்த அம்மா, பீரோவில் சீட்டுப் பணம் கட்ட வெச்சிருந்ததை எடுக்கப் போனாங்க.

நான் தடுத்தேன். "எதுக்கும்மா 700 ரூபாய்? என்கிட்டயே மைக்ராஸ்கோப் இருக்கு. நானே பார்த்துக்கறேன்."

பாஸ், இந்த டயலாக்கை அன்னிக்கு எவ்வளவு கெத்தா சொன்னேன் தெரியுமா!

நல்ல வேளையா, பிராக்டிகல் ரெக்கார்டுக்காக லேப் அட்டெண்டர் அண்ணன்கிட்ட கெஞ்சி வாங்கின லீஷ்மன் சாயம் ஒரு குட்டி பாட்டில்ல இருந்துச்சு. மெடிக்கல் ஷாப்பில் பேக் பிரிக்காத லான்செட் வாங்கினேன். (ஒரு ஊசி, ஒரு விரல், ஒரே தடவை. அப்புறம் தூக்கிப் போட்டுடணும். இதுல மட்டும் நான் ஒழுங்கு.) மோதிர விரல்ல குத்தி, ஒரு சொட்டை ஸ்லைடுல வெச்சு, இன்னொரு ஸ்லைடைச் சாய்ச்சுப் பிடிச்சு ஒரே இழுப்பு. நல்லா வந்தா நாக்கு வடிவத்துல வரும். முதல் ரெண்டு, நடுங்கின கையால கோலம் போட்ட மாதிரி வந்துச்சு. மூணாவது தேறிச்சு. காத்துல காய வெச்சு, சாயம் விட்டு, ரெண்டு நிமிஷம் கழிச்சு அதுக்கு ரெண்டு மடங்கு தண்ணி விடணும். பஃபர் தண்ணி விடணும்னு புத்தகம் சொல்லுது. நான் போர் தண்ணி விட்டேன். எங்க ஏரியா போர் தண்ணியில சோப்பே நுரைக்காது.

அந்த சீசன்ல கரன்ட் எப்ப வரும், எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது. அதனால எல்லாத்தையும் மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய், தண்ணித் தொட்டி நிழல்ல உட்கார்ந்து, வானத்து வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடிச்சேன்.

முதல்ல ஒரே மசமசன்னு இருந்துச்சு. மெள்ளத் திருகத் திருக... சட்டுன்னு எல்லாம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. ஆயிரக்கணக்குல வட்ட வட்டமா, நடுவுல லேசா வெளுத்த சின்னச் சின்னத் தட்டுகள். அங்கங்கே பெரிசா, ஊதா உட்கருவோட வெள்ளை அணு. ஒரு நிமிஷம் காய்ச்சலே மறந்துடுச்சு. இது எல்லாம் நான்! எனக்குள்ள இவ்வளவு கூட்டம் ஓடிட்டு இருக்கு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம!

இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் இல்லை. ஹாலந்துல டெல்ஃப்ட்னு ஒரு ஊர்ல லேவன்ஹுக்னு ஒரு துணி வியாபாரி. தானே தேய்ச்சுச் செஞ்ச லென்ஸுல, 1674-லயே தன் கையில எடுத்த ரத்தத்தைப் பார்த்து லண்டனுக்குக் கடிதம் எழுதினவர். 1681-ல் அவருக்கு வயித்துப்போக்கு வந்தப்ப, மனுஷன் அதையும் எடுத்து லென்ஸுல வெச்சுப் பார்த்தார். உள்ளே குட்டிக் குட்டியா ஏதோ நீந்திட்டு இருந்துச்சு. ஜியார்டியா என்கிற கிருமியை முதல்ல பார்த்தவர் அவர்தான்னு இன்னிக்கு சொல்றாங்க. அந்த நிமிஷம் மொட்டை மாடியில் நான் என்னை அவருக்குப் பேரன்னுதான் நினைச்சுக்கிட்டேன்.

சரி, பிளேட்லெட் எண்ணணும். எண்ணெய் லென்ஸ்ல ஒரு பார்வைக்கு சராசரியா எத்தனை இருக்குன்னு எண்ணி, சுமாரா 15,000-ஆல பெருக்கினா ஒரு மைக்ரோ லிட்டருக்கு எத்தனைன்னு கணக்கு கிடைக்கும். என்கிட்ட எண்ணெய் லென்ஸ் இல்லை. இருந்தாலும் எண்ணினேன். காலண்டர் பின்பக்கம் கோடு போட்டுப் போட்டு எண்ணினதுல சராசரி ரெண்டு. 30,000! ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்க வேண்டியது. கை கால் வெலவெலத்துப் போச்சு.

மறுபடி கண்ணை வெச்சேன். அப்பதான் அதைப் பார்த்தேன். நிறைய சிவப்பணுக்களுக்கு மேல ஊதாப் புள்ளி. சிலதுல புள்ளியைச் சுத்தி ஒரு வளையம். மலேரியா! புத்தகத்துல படம் போட்டிருப்பாங்களே, கல் வெச்ச மோதிரம் மாதிரின்னு... அதேதான்! பயத்துக்கு பதிலா ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, அதை எப்படிச் சொல்றது? டெங்குவுக்குத் தனியா மருந்து இல்லை. மலேரியாவுக்கு மாத்திரை இருக்கு. அதைவிட முக்கியம், டாக்டர் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடிச்சுட்டேன். 1897-ல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில். 2013-ல் நான் ஆம்பூரில்.

பார்க்க வந்த ஃப்ரெண்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் பி.காம். கண்ணை வெச்சவன், "ஆமாடா மச்சி, கறுப்பா புழு மாதிரி நெளியுது" என்றான். அது அவனோட கண்ணிமை முடி. அதைக்கூட நான் சாட்சிக் கணக்குலதான் சேர்த்துக்கிட்டேன்.

இருந்தாலும் சயின்ஸ் ஸ்டூடண்ட் இல்லையா? எங்க சார், "கண்ட்ரோல் இல்லாத எக்ஸ்பெரிமென்ட் குப்பை"ன்னு சொல்லுவார். நோய் இல்லாத ஒருத்தர் ரத்தத்தையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடணும். வீட்டில் இருந்தது அம்மா மட்டும்தான். அன்னிக்கு எனக்காக லீவு போட்டிருந்தாங்க.

"ஊசியா? குத்து, குத்து" என்று அரிசி புடைச்சுக்கிட்டே இடது கையை நீட்டினாங்க. அவங்க பார்வை முறத்துலேயே இருந்துச்சு. வாயில பச்சரிசி. அரிசி புடைக்கும்போது ஒரு கைப்பிடி அள்ளி வாயில போட்டு மென்னுக்கிட்டே இருக்கறது அம்மாவோட பழக்கம். எனக்கு நினைவு தெரிஞ்ச நாளா பார்க்கிறேன்.

அம்மா ஸ்லைடைப் பார்த்தேன். என்னோடதுல தட்டுகளுக்கு நடுவுல லேசாத்தான் வெளுப்பு. அம்மாவோடதுல கிட்டத்தட்ட முழுசும் வெளுப்பு. ஓரத்துல மட்டும் மெல்லிசா ஒரு சிவப்புக் கோடு, வளையல் மாதிரி. நிறைய சின்னது சின்னதா வேற. நான் நோட்டுல எழுதினது இது: 'கண்ட்ரோல்: சாயம் சரியா ஏறலை. புள்ளிகள் உண்டு, ஆனா குறைவு.' அவ்வளவுதான். அந்த நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு.

நான் செஞ்ச அடுத்த வேலையை நீங்க செய்யாதீங்க. மெடிக்கல் ஷாப்புக்குப் போய், சீட்டு இல்லாம மலேரியா மாத்திரை வாங்கிப் போட்டேன். குமட்டல், வாந்தி. 'மருந்து வேலை செய்யுது'ன்னு அம்மாவுக்கு தைரியம் சொன்னேன். ரெண்டு நாள் அப்படியே போச்சு.

அதுக்கு நடுவுல ஒரு நாள் அம்மா ஈரத்துண்டால எனக்கு முதுகு துடைச்சு விட்டாங்க. இடுப்புக்குப் பின்னால, அரைஞாண் கயித்துக்குக் கீழே கை நின்னுச்சு.

"இன்னாடா இது? கறுப்பா பொருக்கு கட்டினுகீது? சிகரெட்டால சுட்ட மாறி..."

"கேம்ப்ல ஏதாவது கடிச்சிருக்கும்மா."

"எவனாச்சும் ராகிங்கு பண்ணானா? சொல்லு, நான் வந்து காலேஜ்ல கேக்கறேன்."

எனக்கு வந்ததே கோபம்! "வலியே இல்லை, விடும்மா. நான் ரத்தத்துல கிருமி பார்த்துட்டு இருக்கேன், நீ பொருக்கைப் பார்த்துட்டு இருக்க!" அம்மா ஒண்ணும் பேசலை. துண்டைப் பிழிஞ்சு கொடியில போட்டுட்டுப் போயிட்டாங்க.

ஜனவரி 12 காலையில எனக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. படுக்கையில இருந்து பாத்ரூம் போறதுக்குள்ள, மாடிப்படி ஏறின மாதிரி இரைக்குது. பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோ எடுத்தார். அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே டியூட்டியில இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட ஆறேழு வயசுதான் கூட இருக்கும். என் மைக்ராஸ்கோப் கதையைப் பாதியிலேயே நிறுத்தினாங்க. "வெளியூர் எங்கயாவது போனியா? காடு, புதர்?" கேம்ப்னு சொன்னேன். "சட்டையைக் கழட்டு" என்றாங்க. அக்குள் பார்த்தாங்க. வயிறு பார்த்தாங்க. திரும்பச் சொன்னாங்க. அரைஞாண் கயித்துக்குக் கீழே அவங்க விரலும் நின்னுச்சு.

"இது எத்தனை நாளா இருக்கு?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அம்மா சொன்னாங்க. "நான் மூணு நாள் முன்னாடியே பாத்தேங்க. அவன்தான் ஒண்ணியும் இல்லன்னான்."

ஸ்க்ரப் டைஃபஸ். நம்ம பேப்பர்ல 'உண்ணிக் காய்ச்சல்'னு போடுவாங்க. புதர்ல இருக்கிற ஒரு வகைச் சிறு பூச்சியோட குஞ்சு கடிச்சா வரும். அது ஒரு மில்லி மீட்டர்கூட இருக்காது, கடிக்கிறதும் தெரியாது. கடிச்ச இடத்துல வலியே இல்லாம ஒரு கறுப்புப் பொருக்கு வரும். எல்லாருக்கும் வர்றதில்லை. வந்தாலும் அக்குள், இடுப்பு, தொடையிடுக்குன்னு நாமே பார்க்காத இடமாப் பார்த்து ஒளிஞ்சிருக்கும். கிருமி பேரு ஓரியன்ஷியா சுட்சுகமுஷி. ரத்தக் குழாயோட உள்சுவர்ல இருக்கிற செல்லுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். அதனால விரல்ல குத்தி எடுத்த ஸ்லைடுல, எண்ணெய் லென்ஸ் போட்டு விடிய விடியத் தேடினாலும் அது கண்ணுல படாது. கண்டுக்காம விட்டா நுரையீரல், சிறுநீரகம்னு போய் ஆளையே சாய்ச்சுடும். எனக்கு நுரையீரல்ல ஆரம்பிச்சிருந்தது.

டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட் வர்றதுக்குக் காத்திருக்காம டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்சுட்டாங்க. ஆக்ஸிஜன் மாஸ்க்கும் வெச்சாங்க. பொங்கல் அன்னிக்கு விடியக்காலையில சட்டை நனைய வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் இறங்கிச்சு. வெளியே எங்கேயோ 'பொங்கலோ பொங்கல்' சத்தம் கேட்டுச்சு. அம்மா கட்டிலுக்குக் கீழே பேப்பர் விரிச்சுப் படுத்திருந்தாங்க.

கொஞ்சம் நடக்க முடிஞ்சதும் நான் போன முதல் இடம், கீழ்த் தளத்தில் இருந்த லேப். ஜியாமெட்ரி பாக்ஸ்ல என் ரெண்டு ஸ்லைடும் இருந்துச்சு. ஃப்ரெண்டை விட்டு எடுத்து வரச் சொல்லியிருந்தேன். இன்னும் எனக்கு ஒரு நப்பாசை, 'மலேரியாவும் சேர்ந்து இருந்திருக்கலாமே' என்று! லேப் டெக்னீஷியன் அக்கா மதியச் சாப்பாடு முடிச்சு உட்கார்ந்திருந்தாங்க. எண்ணெய் ஒரு சொட்டு விட்டு என் ஸ்லைடைப் பார்த்தாங்க. சிரிப்பு வந்துடுச்சு அவங்களுக்கு.

"எந்தத் தண்ணி ஊத்தின? பாதிப் புள்ளி சாயக் கசடு. மீதி என்ன தெரியுமா? பிளேட்லெட். சிவப்பணு மேல ஏறி உட்கார்ந்திருக்கு. சுத்தி வெள்ளையா வட்டம் இருக்கு பாரு. பிளேட்லெட் குறைஞ்சுடுச்சுன்னு ஒரு பக்கம் அழுதிருக்க. அந்த பிளேட்லெட்டுக்கே மலேரியான்னு பேரும் வெச்சிருக்க."

என் நிஜக் கணக்கு 1,20,000. கொஞ்சம் குறைவு, ஆபத்து இல்லை. நான் அசடு வழிஞ்சுக்கிட்டு ரெண்டாவது ஸ்லைடைக் கொடுத்தேன். அக்கா பார்த்தாங்க. திருகினாங்க. இடத்தை மாத்தி மறுபடி பார்த்தாங்க. இந்தத் தடவை சிரிக்கலை.

"இது யாரோடது?"

"எங்கம்மாதுக்கா. கண்ட்ரோல்."

"கண்ட்ரோலா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "அம்மா எங்க?"

அம்மா வார்டு வாசல் பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. அக்கா அவங்க கீழ் இமையை விரலால இழுத்துப் பார்த்தாங்க. உள்ளே சிவப்பே இல்லை. அப்பதான் எனக்கு ஒவ்வொண்ணா வந்துச்சு. ரெண்டாவது மாடி வார்டுக்கு ஏறும்போது அம்மா ரெண்டு இடத்துல நின்னு நின்னு வந்தது. அந்தப் பச்சரிசி. இரும்புச்சத்து குறைஞ்சவங்களுக்குப் பச்சரிசி, சாம்பல், மண்ணுன்னு எதையாவது தின்னத் தோணும்னு நான் பரீட்சையிலேயே எழுதியிருக்கேன். மார்க்கும் வாங்கியிருக்கேன்.

ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்குக் குறைஞ்சது 12 இருக்கணும். டாக்டரம்மா தனியாக் கூப்பிட்டுப் பேசினதுல, ரெண்டு வருஷமா மாசா மாசம் ரத்தப்போக்கு அதிகம்னு தெரிஞ்சது. கர்ப்பப்பையில கட்டி. புற்று இல்லை. ஆனா ரத்தத்தை எல்லாம் அதுதான் குடிச்சுட்டு இருந்துச்சு. "ஏம்மா சொல்லலை?" என்று கேட்டேன். "ஆம்பளப் புள்ளகிட்ட இன்னாத்த சொல்றது" என்றாங்க. நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு இந்த பாராவைத் தாண்டிடாதீங்க. நம்ம தமிழ்நாட்டுல 15-லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லுது. உங்க வீட்டுச் சமையல்கட்டுலயும் யாராவது பச்சரிசி மென்னுட்டு இருக்கலாம்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க. டீயோட சேர்த்துப் போடக் கூடாதுன்னாங்க. அம்மாவுக்கு அதுதான் பெரிய தண்டனை. முதல் வாரம் வயிறு ஒத்துக்கலைன்னு எனக்குத் தெரியாம நிறுத்திட்டாங்க. அட்டையில மாத்திரையை எண்ணிக் கண்டுபிடிச்சேன். அதுக்குக் கணக்கு சரியா வந்துச்சு! ஜூன்ல ஆபரேஷன் நடந்து கட்டியை எடுத்தாங்க. கம்பெனி சம்பளத்துல ரெண்டு மாசம் துண்டு விழுந்துச்சு. நான் பார்ட் டைமா டியூஷன் எடுத்தேன்.

அதுக்கு முன்னாடி, மார்ச் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, அம்மா விரல்ல இன்னொரு தடவை குத்தினேன். இந்தத் தடவை பஃபர் தண்ணியை டிபார்ட்மென்ட்லேர்ந்து எடுத்து வந்திருந்தேன். ஸ்லைடுல ரெண்டு கூட்டம் தெரிஞ்சது. ஒண்ணு பழைய வளையல்கள், வெளுத்துப் போய். இன்னொண்ணு புதுசா வந்தது, ரோஜா கலர்ல, நல்லா நிறைஞ்ச தட்டு. சிவப்பணுவுக்கு ஆயுசு சுமார் 120 நாள். பழசு போறதுக்குள்ள புதுசு வந்து பக்கத்துல இடம் போட்டு உட்கார்ந்திருந்துச்சு.

"அப்டி இன்னாதான் பாப்ப அதுல? நவுரு" என்று அம்மா முதல் தடவையா வந்து குனிஞ்சாங்க. ஒரு கண்ணை மூடத் தெரியலை. கையால பொத்திக்கிட்டாங்க.

"ஒண்ணியும் தெரிலடா. கறுப்பா முடி மாறி ஏதோ கீது."

"அது உன் கண்ணிமை முடிம்மா. கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாரு."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. நான் கண்ணாடியை மெதுவா வெளிச்சத்துப் பக்கம் திருப்பிவிட்டேன்.

"அட... ஆமா. தட்டுத் தட்டா கீதே. இதுல எது புதுசு?"